செங்கோடன் வரவில்லை

யுவ வருஷத்தில் கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மில் ஒன்றில் நஞ்சுண்டன் டைம் கீப்பர். ஆயிரத்து இருநூறு ஆட்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், டிக்கெட் நம்பர் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும், அப்பனைப் பெற்ற அப்பாரு பெயர் செங்கோடன் என்பதோடு கதை முடிந்துவிடும். இதைவிட வேடிக்கை வேறு என்ன வேண்டும்?

கொங்கு நாட்டில் முன்பின் தெரியாத இரண்டு கவுண்டர்கள் சந்தையில் பார்த்துக்கொண்டால், முதலில் உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "என்ன கூட்டமுங்க?" கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டமென்றால் பங்காளி, அண்ணன் தம்பி. வேறு கூட்டமென்றால் மாமன் மச்சான். கேலி பேசலாம், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். ஒருவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதே அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. நஞ்சுண்டனிடம் அந்தப் பதில் கிடையாது. அதனால் முப்பத்தொன்பது வயசு வரைக்கும் அவனை யாரும் மாமா என்றதில்லை, மச்சான் என்றதில்லை. மில்லில் ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவர்கள் அண்ணா என்பார்கள். அது சேர்த்தி இல்லை. மற்றபடி எல்லாருக்கும் அவன் "ஏனுங்க". மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மரியாதையோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட முடியுமா?

அறுபது வருஷத்துக்கு முன்னால், தாது வருஷப் பஞ்சத்தில் செங்கோடன் பெண்டாட்டியையும் ஆறு வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு நடந்து வந்தார். ஊருக்கு வெளியே சர்க்கார் வைத்திருந்த கஞ்சித் தொட்டியில் காய்ச்சல் கண்டு, எட்டு நாளில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய்விட்டார்கள். மிஞ்சின பிள்ளைதான் நஞ்சுண்டனின் தகப்பன் குமாரசாமி. சுந்தரராஜுலு நாயுடு என்ற மனிதர் அவனைக் கூட்டிப்போய்த் தன் மாட்டுச் சாலையில் வைத்துக்கொண்டார். அதே பஞ்சத்தில் அதே மாதிரி மிஞ்சின இன்னொரு கவுண்டர் வீட்டுக் குழந்தை ராசம்மாள். இரண்டு பேரும் வளர்ந்ததும் நாயுடுவே தாலி எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கூட்டம் தெரியாததால் கேட்கவும் ஆளில்லை. அப்பனும் அம்மாவும் நஞ்சுண்டனுக்குப் பத்து வயசாவதற்குள் செத்துப்போனார்கள். அவனுக்கென்று மிஞ்சியது ஒரு பித்தளைச் செம்பு. அதன் கழுத்தில் "காளிபாளையம் செங்கோடன்" என்று வெட்டியிருந்தது.

இவ்வளவு நாளாக அந்தச் செம்பில் தண்ணீர் குடித்தானே தவிர, அந்த ஊரைத் தேடிப் போகவேண்டும் என்று நஞ்சுண்டனுக்குத் தோன்றவில்லை. தோன்ற வைத்தவள் மயிலாத்தாள்.

மில்லுக்குப் பருத்தி வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற தம்பிதுரை அவனுக்குப் பத்து வருஷச் சிநேகம். பல்லடம் ரோட்டில் தோட்டம். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சுண்டனைச் சாப்பிடக் கூட்டிப்போவான். அவனுடைய தங்கைதான் மயிலாத்தாள். சின்ன வயசில் கிணற்றுப் படியில் விழுந்து வலது கால் இழுத்துவிட்டது. இருபத்தெட்டு வயசாகியும் பெண் கேட்டு வந்தவர்கள் நடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவள் அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமும் இல்லை. "கால் ஒண்ணுதான் இழுக்குது, நாக்கு இழுக்கலீங்க" என்று வந்தவர்கள் காதில் விழச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நஞ்சுண்டனுக்குப் புரையேறும்வரை சிரிப்பு வந்தது. அப்புறம் வாரம் முழுக்க, தனியாகப் பொங்கித் தின்னும்போதெல்லாம் அந்தக் குரலே காதில் இருந்தது.

தம்பிதுரைக்கு இது தெரியாமலா இருக்கும்? போன மாசியில் அவனே பேச்சை எடுத்தான். அவனுடைய அம்மா சாமியாத்தாள் கதவோரம் நின்றுகொண்டு சொன்னாள்.

"உங்களைக் கொறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனாக் கூட்டம் தெரியாம எப்படிங்க பொண்ணக் குடுக்கறது? நாளைக்கு அண்ணன் தங்கச்சிக்கே கண்ணாலம் பண்ணி வெச்ச பாவம் வந்துபோடும். கூட்டம் மட்டும் தெரிஞ்சு வாங்க, அடுத்த முகூர்த்தத்துல வெச்சுப்போடலாம்."

தம்பிதுரை சிரித்தான். "எத்தனையோ கூட்டம் இருக்குதுங்க. எங்க காடைக் கூட்டம் ஒண்ணத் தவுத்து எதுவா இருந்தாலும் சரி."

நஞ்சுண்டனும் சிரித்தான். சிரிக்கும்போதே நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது. அவனுக்கு ஏழு வயசில், நாயுடு தோட்டத்துக்குக் குருவிக்காரன் ஒருவன் காடை பிடித்துக் கொண்டுவந்தான். எல்லாரும் வறுத்துத் தின்றார்கள். அப்பன் மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். "நமக்கு ஆவாது கண்ணு" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவருக்கே பதில் தெரியவில்லை. காடைக் கூட்டத்தார் காடையைத் தொடமாட்டார்கள் என்பது நஞ்சுண்டனுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோதும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆகாது. ஒருவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, இன்னொருவருக்குத் தயிர் ஆகாது. அப்பனுக்கு வயிறு கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான்.

அன்றைக்குப் புறப்படும்போது வாசலில் மயிலாத்தாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, கீழே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சீக்கரம் கண்டுபுடிச்சுட்டு வாங்க. உங்கள என்னன்னு கூப்புடறதுன்னே தெரியாம, எத்தன நாளைக்குத்தான் ஏனுங்க ஏனுங்கன்னு இருக்கறது?"

மாமா என்று ஒரு தரம் அவள் கூப்பிட்டுவிட்டால் போதும், அதற்குமேல் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நஞ்சுண்டனுக்குப் பட்டது. முப்பத்தொன்பது வயசு ஆளுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவன் அதுவரைக்கும் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லையே.

கொங்கு நாட்டில் காளிபாளையம் ஒன்றா, இரண்டா? மில்லுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். செம்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவான். முதல் காளிபாளையத்தில் செங்கோடன் என்று நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் உயிரோடு. இரண்டாவதில் செம்பை விற்க வந்திருக்கிறான் என்று நினைத்து விலை பேசினார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பினாலும், பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வரும். கண்டுபிடிக்கவில்லை, சரி. ஆனால் பயந்த பதிலும் வரவில்லை. தேடிப் போகிறவனுக்குக் கிடைக்காததில் என்ன நிம்மதி என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமை போனது தாராபுரம் தாண்டி இருந்த ஒரு காளிபாளையம். பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து மைல் நடை. ஊர்க் கர்ணம் நல்ல மனிதர். பஞ்சத்துக்கு முந்தின நிலப் பதிவை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினார். இருந்தது. செங்கோடன், இரண்டு வள்ளம் புன்செய், ஒரு கிணறு. பக்கத்தில் வேறு மையில், தாது வருஷம் முதல் தரிசு.

நஞ்சுண்டன் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான். அப்பாரு ஒருவர் நிஜமாகவே இருந்திருக்கிறார். ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்திருக்கிறார்.

"என்ன கூட்டமுங்க அவரு?"

"சர்க்கார் நிலத்தைத்தான் எழுதும், கூட்டத்தை எழுதாது" என்றார் கர்ணம். "இங்க இப்ப குடியிருக்கறவங்க எல்லாம் பஞ்சத்துக்குப் பொறகு வந்தவங்க, அவங்களைக் கேட்டும் பிரயோசனமில்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் குலகுரு வீடு இருக்குது. வருஷா வருஷம் தை மாசத்தில் ஊர் ஊராகப் போய், வீட்டு வீட்டுக்குப் பேரெழுதிட்டு வருவாங்க. இருந்தா அங்கதான் இருக்கும்."

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். அக்கரை ஏறும்போது, திரும்பிப் போய்விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கிடைக்காவிட்டாலும் கல்யாணம் இல்லையே. போய்த்தான் ஆகவேண்டும்.

ஐயாசாமி குருக்களுக்கு அறுபது வயசிருக்கும். பஞ்ச காலத்துச் செங்கோடன் என்றதும் அவர் முகம் மாறியது.

"காளிபாளையம் செங்கோடனா? நீங்க அவருக்கு என்ன ஆகணும்?"

அந்தக் கேள்விக்கு நஞ்சுண்டன் தயாராக வரவில்லை. வாய் தானாகச் சொன்னது. "கோயமுத்தூருல என்ற சிநேகிதரு ஒருத்தரு விசாரிச்சுட்டு வரச் சொன்னாருங்க சாமி."

குருக்கள் உள்ளே போய், தாள்களை நீளவாக்கில் தைத்த ஒரு கட்டைக் கொண்டுவந்து மணைமேல் வைத்தார். மேல் தாளில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்க நஞ்சுண்டனுக்குக் குருக்களின் உதவி தேவைப்படவில்லை. காடைக் கூட்டம்.

ஏழு வயசில் போலவே அப்பனின் கை அவன் கையைப் பிடித்து இழுத்தது. நமக்கு ஆவாது கண்ணு. அவனுக்கு அப்போதே தெரியும், இத்தனை மாசமும் தெரியும். தெரியாத மாதிரி பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியிருக்கிறான்.

மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. இங்கே வந்தது யாருக்கும் தெரியாது. பேர் சொல்லவில்லை. தம்பிதுரையிடம் போய் அந்துவன் கூட்டம் என்று வேறு பேரைச் சொன்னால் முடிந்தது. பத்து வருஷச் சிநேகம், யார் சரிபார்க்கப் போகிறார்கள்? அடுத்த முகூர்த்தத்தில் தாலி. பொங்கலுக்குப் பொங்க ஒருத்தி. யாராவது காடை வறுத்துக் கொடுத்தால் வயிற்றைச் சாக்குச் சொல்லிவிட்டால் போகிறது. பாவமா? அறுபது வருஷத்துக்கு முன்னால் அறுந்துபோன நூல். அதன் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

"ரொம்ப உபகாரமுங்க சாமி. அவருகிட்டச் சொல்லிப்போடறேன்" என்று எழுந்தான்.

"இருங்கோ. இவ்வளவு தூரம் வந்துட்டு முழுசாக் கேக்காமப் போனா எப்படி?" என்றார் குருக்கள். "இது எங்க அப்பா கையெழுத்து. உங்க சிநேகிதர்கிட்ட இதையும் சொல்லணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பஞ்சத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து படித்தார். நஞ்சுண்டன் நின்றபடியே கேட்டான்.

"ஈசுவர வருஷம். செங்கோடன், பெண்டும் ஒரு பிள்ளையுமாகக் கோயமுத்தூர்த் திக்கில் போனான். வரவில்லை.

"வெகுதானிய வருஷம். செங்கோடன் வரவில்லை. மழை உண்டு. வந்தால், கிணறு ஊறிவிட்டது என்று சொல்லவேண்டும்.

"பிரமாதி வருஷம். வரவில்லை. அவன் கலப்பை முத்தான் வீட்டுப் பரணில் பத்திரமாயிருக்கிறது."

குருக்கள் நிறுத்தவில்லை. தாளைத் தாளாகத் திருப்பிக்கொண்டே போனார். சில வருஷம் ஒரே சொல், வரவில்லை. சில வருஷம் ஒரு சேதி. அவன் பிள்ளைக்கு இப்போது பதினாறு இருக்கும், பெண் பார்க்கவேண்டும். நந்தன வருஷத்தில் முத்தான் காலமானான், கலப்பை குரு வீட்டுக்கு வந்தது. விஜய வருஷத்தில் கலப்பையைக் கரையான் தின்றுவிட்டது, வந்தால் வேறு செய்து கொடுக்கவேண்டும். நஞ்சுண்டன் எப்போது உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"சௌமிய வருஷம். செங்கோடன் வரவில்லை." குருக்கள் கண்ணாடியைக் கழற்றினார். "கை எப்படி நடுங்கியிருக்கு பாருங்கோ. அந்த மாசியிலேயே அப்பா போயிட்டார். முப்பத்துமூணு வருஷம், ஒரு வருஷம் விடாம எழுதியிருக்கார். அப்புறம் நான்தான் நிறுத்தினேன். வராத மனுஷனுக்கு எதுக்கு வருஷா வருஷம் ஒரு வரின்னு தோணித்து."

முதல் வரி எழுதின தை மாசத்துக்கு முன்பே செங்கோடன் செத்துப்போயிருந்தார். கஞ்சித் தொட்டிக்குப் பின்னால் பத்தோடு பதினொன்றாகப் புதைத்தார்கள். அது தெரியாமல் இங்கே ஒரு மனிதர் முப்பத்துமூன்று வருஷம் அவருக்குக் கிணறு ஊறின சேதியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நஞ்சுண்டன் பிறந்த வருஷத்திலும் எழுதியிருக்கிறார். அப்பனும் அம்மாவும் செத்து அவன் மாட்டுச் சாலையில் தனியாகப் படுத்திருந்த ராத்திரிகளின் வருஷத்திலும் எழுதியிருக்கிறார். தன்னைத் தேட உலகத்தில் ஒரு ஆள் இல்லை என்றல்லவா அவன் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தான்?

இப்போது எழுந்து போனால் இன்னொரு வரவில்லை. அதுவும் வாசல் வரைக்கும் வந்துவிட்டு.

"எழுதிக்குங்க சாமி" என்றான். "வந்துட்டாங்கன்னு எழுதிக்குங்க."

"உங்க சிநேகிதர் பேரு?"

"நஞ்சுண்டன். குமாரசாமி மகன், செங்கோடன் பேரன். சிநேகிதரு இல்லீங்க, நாந்தானுங்க."

துண்டைப் பிரித்துச் செம்பை மணைமேல் வைத்தான். குருக்கள் அதன் கழுத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் படித்தார். அப்புறம் பேனாவை எடுத்தார். யுவ வருஷம் என்று எழுதினார், பேர் எழுதினார், வந்தான் என்று எழுதினார்.

"சம்சாரம்?"

"இல்லீங்க."

"குழந்தைகள்?"

"இல்லீங்க."

"சரி, இருக்கட்டும். கீழே இடம் விட்டு வைக்கிறேன்" என்று நாலு விரற்கடை வெற்றுத் தாளை விட்டுவிட்டுக் கட்டை மூடினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நிம்மதி வரவில்லை. சேவூர், நாமக்கல், கரூர் என்று ஊர் ஊராகத் தனக்குப் பங்காளிகள் இருப்பார்கள், இனிமேல் கோயில் நோன்பு என்றால் போய் நிற்க ஒரு இடம் உண்டு என்று வலுக்கட்டாயமாக நினைத்துப் பார்த்தான். நினைக்க நினைக்க ஒருத்தி முகம்தான் வந்தது. அவளும் அந்தப் பங்காளிக் கூட்டத்தில் ஒருத்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் ரோட்டில் இறங்கினான். சொல்லி அனுப்பியிருக்கலாம், கடுதாசி எழுதியிருக்கலாம். ஆனால் நேரில் போய்ச் சொல்லாவிட்டால் சொன்னதாக ஆகாது என்று தோன்றியது. தம்பிதுரை வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். சாமியாத்தாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டன் நின்ற இடத்திலேயே சொன்னான்.

"கண்டுபுடிச்சுட்டேனுங்க. காடைக் கூட்டம்."

தம்பிதுரையின் கையிலிருந்த மைக்குச்சி அப்படியே நின்றது. சாமியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தம்பிதுரை கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் இரண்டு தோளையும் பிடித்தான்.

"வேற ஏதாச்சும் சொல்லியிருந்தா எங்களுக்குத் தெரியவா போவுது?"

"அங்க எழுதிப்போட்டாங்க" என்றான் நஞ்சுண்டன். அதற்கு மேல் விளக்க முடியவில்லை.

தம்பிதுரை அவன் முகத்தையே பார்த்தான். என்ன புரிந்ததோ, திடீரென்று இறுக்கிக் கட்டிக்கொண்டான். "போச்சாது போங்க. மச்சான் கெடைக்காட்டி என்ன? எனக்கு அண்ணன் இல்லாத கொறை தீந்துது."

சாமியாத்தாள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "பஞ்சத்துல போனவரு ஊட்டுப் புள்ள, அறுவது வருஷங் கழிச்சு எங்கூட்டுக்கே வந்து சேந்துதே! அம்மணி மயிலா, தண்ணி கொண்டா. யாரு வந்திருக்கறது பாரு. நம்ம பங்காளியூட்டு அண்ணன் வந்திருக்குது."

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் நஞ்சுண்டனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் திரும்பிப் போயிருக்கலாம்.

உள்ளே யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். பிறகு காலை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மயிலாத்தாள் செம்போடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள், புருவத்தில் ஈரம் இருந்தது. அவனை நேராகப் பார்த்தாள். இதுவரைக்கும் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. கீழே பார்க்கவேண்டிய காரணம் போய்விட்டது.

"தண்ணி குடிங்கண்ணா" என்றாள்.

அவன் செம்பை வாங்கினான். அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தான். அவளிடம் என்னவெல்லாமோ சொல்லவேண்டும் என்று பதினோரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தான். அதில் ஒன்றைக்கூட ஒரு அண்ணன் தங்கையிடம் சொல்ல முடியாது.

"நல்லா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டான். அண்ணன்மார் அப்படித்தான் கேட்பார்கள்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். இத்தனை வருஷமாக விருந்தாளிக்கென்று அவனுக்குத் தனியாகக் கூடத்தில் இலை போடுவார்கள். அன்றைக்குச் சமையலறையில், தம்பிதுரைக்குப் பக்கத்தில் வட்டில் வைத்தார்கள். மயிலாத்தாள் பரிமாறினாள். போதும் போதும் என்று அவன் கையைக் குறுக்கே நீட்டியும், வீட்டு ஆளுக்குப் போடுகிற மாதிரி அவள் கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டாள். அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான்.